ஒரே விலையில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரா, ஏழு சேனல் ரிசீவரா?

இசைவிரும்பி:
என்னிடம் உள்ள ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களின் உணர்திறன் (ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் எழும் ஒலியளவு) 86 டெசிபல். இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 8 ஓம் என்று குறிப்பிட்டிருந்தாலும் ஓர் அதிர்வெண்ணில் 3.5 ஓம் வரை இறங்குகிறது. மூன்று மீட்டர் தொலைவில் அமர்ந்து பெரும்பாலும் இசையும், எப்போதாவது திரைப்படமும் கேட்பேன். பின்னாளில் ஒரு சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) சேர்க்கும் எண்ணம் உண்டு. ஒரே விலையில் சேனலுக்கு 60 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், 150 வாட் என்று பெட்டியில் அச்சிட்ட ஏழு சேனல் ரிசீவர் (திரைப்பட ஒலிக்கான, வீடியோ இணைப்புகளும் கொண்ட ஆம்ப்ளிஃபையர்) ஒன்றும் கிடைக்கின்றன. எதை வாங்குவது?

இருதடம்:
முதலில் அந்த 150 வாட்டை எந்த நிபந்தனையில் அளந்தார்கள் என்று பாருங்கள். ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 6 ஓம் சுமையில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், பத்து சதவீதச் சிதைவு வரை அனுமதித்து எடுத்த எண்ணைப் பெட்டியில் போடுவது ரிசீவர்களில் வழக்கம். உங்கள் ஆம்ப்ளிஃபையரின் 60 வாட், இரு சேனல்களையும் ஒருசேர இயக்கி, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அளந்ததாக இருந்தால், இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. இப்படி மிகைப்படுத்திய வாட் கணக்குகளைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்காவில் 1974-லேயே தனி விதி கொண்டுவந்தார்கள். ஏழு சேனலுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பங்கிட்டு, வீடியோ பலகைக்கும் உரிமக் கட்டணங்களுக்கும் பணத்தைச் செலவிட்ட பெட்டியில், ஆம்ப்ளிஃபையர் பகுதிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரையே வாங்குங்கள்.

அறையளவி:
இதை நான் ஏற்கவில்லை. இவர் இயக்கப்போவது இரண்டு சேனல்களை மட்டுமே என்பதால், ஏழுக்காக அமைத்த மின்வழங்கி முழுவதும் அந்த இரண்டுக்கே கிடைக்கும். தேவை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல். மூன்று மீட்டரில் ஏறத்தாழ 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் 3 கூடும். ஆக, அறையின் எதிரொலிப்பைச் சேர்க்காமலே 79.5 டெசிபல் வருகிறது. சராசரியாக 75 டெசிபலில் கேட்பவருக்கு அரை வாட்கூட வேண்டியதில்லை. இசையின் உச்சங்கள் அதைவிட 20 டெசிபல் மேலே எழுந்தாலும் சேனலுக்கு ஏறக்குறைய 35 வாட் போதும்.

அதற்கு மாறாக, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் சுவர்கள் செய்யும் சேதம் மிகப் பெரியது. ஒரு சுரம் 10 டெசிபல் உப்புவதும், அடுத்தது காணாமல் போவதும் சாதாரண அறைகளில் நடப்பவை. ரிசீவரோடு வரும் மைக்ரோஃபோனும் ஆடிசி, டிராக் போன்ற அறைத்திருத்த மென்பொருளும் அந்த உப்பலை அளந்து அடக்குகின்றன. முறையாக வடிவமைத்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு இதன் அருகில்கூட வராது. 1987-ல் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், ஒலிப்பது எந்தக் கருவி என்று சொல்லாமல் நடத்திய மறைவுச் சோதனையில், விலையில் மிகுந்த வேறுபாடு கொண்ட ஆம்ப்ளிஃபையர்களைக் கேட்பவர்களால் நம்பத்தக்க வகையில் பிரித்தறிய முடியவில்லை.

இருதடம்:
அத்தகைய சோதனைகள் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லைக்குள் இயங்கும்போது மட்டுமே பொருந்தும். நான் பேசுவதோ அந்த எல்லையைப் பற்றி. 8 ஓமில் 60 வாட் என்பது ஏறத்தாழ 22 வோல்ட், 2.7 ஆம்பியர். அதே 22 வோல்ட்டை 3.5 ஓமில் தரவேண்டுமானால் 6 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 4 ஓமுக்கான வாட் அளவையே வெளியிடாத ரிசீவர்கள் எத்தனையோ இருக்கின்றன. சிலவற்றில் 4 ஓம் என்றொரு தேர்வு இருக்கும். அது பெரும்பாலும் சூட்டைக் குறைக்க மின்னழுத்தத்தை இறக்கிவிடுகிறதே தவிர, கூடுதல் மின்னோட்டம் எதையும் தருவதில்லை. ஆற்றல் போதாமல் உச்சங்களில் ஒலியலையின் முனை வெட்டுப்பட்டால் முதலில் கெடுவது உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டர்.

அறையளவி:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். இவருக்குத் தேவையான 35 வாட் உச்சம் என்பது 17 வோல்ட், 3.5 ஓமில் அது 5 ஆம்பியருக்கும் குறைவு. இரண்டு சேனல்களை மட்டும் இயக்கும் நடுத்தர ரிசீவருக்கு இது கடினமன்று. சப்வூஃபர் வந்ததும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை ரிசீவர் அங்கே திருப்பிவிடும் என்பதால் சுமை இன்னும் குறையும்.

இருதடம்:
ஸ்பீக்கர் கூம்பின் அசைவு குறையும் என்பது சரி. மின்னோட்டம் குறையுமா என்பது அந்த 3.5 ஓம் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பதைப் பொறுத்தது. தாழ்ந்த ஒலிக்கும் உயர் ஒலிக்கும் தனித்தனி அலகு கொண்ட பல இருவழி ஸ்பீக்கர்களில் அது 150 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அப்படியானால் உங்கள் 80 ஹெர்ட்ஸ் பிரிப்பு அந்த இடத்தைத் தொடவே தொடாது.

இசைவிரும்பி:
வரைபடத்தில் பார்த்தேன், தாழ்வு 180 ஹெர்ட்ஸில் இருக்கிறது. என் அறை கிட்டத்தட்ட சதுரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் அமரும் இடத்தில் பாஸ் ஒலி முழங்குகிறது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரிலும் சப்வூஃபருக்கான வெளியீடு உண்டே, அது போதாதா?

அறையளவி:
பெரும்பாலானவற்றில் அது சப்வூஃபருக்கு ஒலியை அனுப்பும் வழி மட்டுமே. உங்கள் ஸ்பீக்கர்கள் முழு அலைவரிசையையும் தொடர்ந்து சுமந்துகொண்டே இருக்கும். தாமதத்தையும் சரிசெய்ய முடியாது. சதுர அறையில் நீளத்துக்கும் அகலத்துக்கும் உரிய ஒத்ததிர்வுகள் ஒரே அதிர்வெண்ணில் கூடிவிடுவதால் திருத்தம் உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. முன்வெளியீடு (வேறொரு ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) உள்ள ரிசீவராகப் பார்த்து வாங்கினால், ஆற்றல் போதவில்லை என்று பின்னர் தோன்றும்போது தனி பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இருதடம்:
சதுர அறைக்குத் திருத்தம் வேண்டும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால், இசை கணினியிலிருந்து வருமானால், அளவீட்டு மைக்ரோஃபோன் ஒன்றைக் கொண்டு அந்தத் திருத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாலேயே செய்துவிடலாம். இணைப்பு முறைகள் மாறும்போது ரிசீவர் பழையதாகிவிடும். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டையும் கேட்டுப் பார்த்து முடிவெடுப்பதானால், அறைத்திருத்தத்தை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து இரு கருவிகளின் மின்னழுத்தமும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி ஒலியளவை அமையுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதுதான் நல்ல ஒலி என்று காது தீர்மானித்துவிடும். அதன் பிறகு திருத்தத்தை இயக்கி, 180 ஹெர்ட்ஸை ஒட்டி வலுவான தாளம் கொண்ட பதிவொன்றை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அதிகபட்ச அளவில் ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.