மாநாட்டுக் கட்டுரைக்கு ஒரு உதவி வேணுங்க

வணக்கமுங்க. கோவையில் கல்வியியலில் பிஎச்டி செய்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (மருத்துவத்தில் 2020, பொறியியலில் 2021) பற்றி அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் 15 நிமிடம் பேச வேண்டும். சீட்டு கிடைத்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. பர்கூர் மலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி முதல் செமஸ்டர் நோட்டைக் காட்டினாள்; ‘தெர்மோடைனமிக்ஸ்’ என்று தமிழ் எழுத்திலேயே பக்கம் பக்கமாக. போன கருத்தரங்கில் வெறும் எண்களைக் காட்டினேன், பாதிப் பேர் போனைத்தான் பார்த்தார்கள்.

ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் யாராவது இருபது நிமிடம் போனில் பேச முடியுமா? பெயர் எங்கும் வராது. அப்புறம், ‘ஈக்விட்டி’க்கு (equity, அவரவர் தேவைக்கேற்பக் கொடுப்பது) சமத்துவம் என்று போட மனசு வரவில்லை, அது எல்லாருக்கும் ஒரே அளவு என்றல்லவா ஆகிவிடுகிறது? நல்ல சொல் இருந்தால் கீழே போடுங்க.