கவர்னர் மர்ஃபி இரண்டாம் முறை நின்ற தேர்தல்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

எடிசனிலிருந்து:

கவர்னராக டெமாக்ரட் பில் மர்ஃபியின் எட்டு வருடம் முடிந்து மைக்கி ஷெரில் வந்தாகிவிட்டது. 2025 தேர்தலைப் பற்றி எல்லாரும் பேசித் தீர்த்தாகிவிட்டது, ஆனால் எனக்கு இன்னும் மனதில் நிற்பது 2021தான். முந்தின வருடம் இதே நியூ ஜெர்சியில் பைடன் 16 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். பதிவு செய்த டெமாக்ரட்கள் ரிபப்ளிகன்களைவிடப் பத்து லட்சம் பேருக்கு மேல் அதிகம். மர்ஃபி சுலபமாக ஜெயித்துவிடுவார் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. கடைசியில் ரிபப்ளிகன் ஜாக் சிட்டரெல்லியை எதிர்த்து வந்தது 51.2க்கு 48. சுமார் 84,000 ஓட்டு வித்தியாசம், அவ்வளவுதான்.

ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் கவர்னருக்கு எதற்குத் தேர்தல் என்று கேட்கிறார்கள். இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, சில விஷயங்களில் அதற்கும் மேலே. அட்டர்னி ஜெனரல், கவுண்டி பிராசிக்யூட்டர், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி எல்லாரையும் அவர்தான் தேர்ந்தெடுத்து செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்புகிறார். பட்ஜெட்டில் ஒரே ஒரு வரியை மட்டும் பிடித்து வெட்டவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இவ்வளவு பெரிய பதவிக்கு நடக்கும் தேர்தலில் 2021ல் பத்துப் பேருக்கு நான்கு பேர்தான் ஓட்டுப் போட வந்தார்கள் என்பது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். ஜனாதிபதித் தேர்தல் முடிந்த மறுவருடம் வருவதால் ஜனங்களுக்கு ஒரு களைப்பு வந்துவிடுகிறது போல. அதனால்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

நான் போனது நியூ பிரன்ஸ்விக்கில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், அக்டோபர் 28 அன்று செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் வந்த கூட்டத்துக்கு. அதற்கு முந்தின சனிக்கிழமை ஒபாமா நியூவர்க் வந்துவிட்டுப் போயிருந்தார். என்னைச் சுற்றி நின்றதெல்லாம் பிள்ளைகள், முக்கால்வாசிப் பேர் பெர்னியைப் பார்க்க வந்தவர்கள். கோல்ட்மன் சாக்ஸில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துப் பணம் சேர்த்த ஒருவருக்காக, பெரும் பணக்காரர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர் வந்து ஓட்டுக் கேட்கிறார். இது எப்படி ஒட்டும் என்று யோசித்துக்கொண்டேதான் நின்றேன். ஆனால் குறைந்தபட்சக் கூலியை 2024க்குள் மணிக்கு 15 டாலர் ஆக்கும் சட்டத்தில் 2019லேயே கையெழுத்துப் போட்டவர் மர்ஃபி. பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கு 2020ல் வரியை ஏற்றியதும் அவர்தான். ஆக, பெர்னிக்குச் சொல்ல விஷயம் இருந்தது. மர்ஃபி பேச்சில் பெரிய ஆள் இல்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கும்போது தடுப்புக் கம்பி ஓரமாக அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்தேன், எல்லாப் பல்லும் தெரிகிற அந்தச் சிரிப்போடு, நீட்டின கையை எல்லாம் பிடித்துக்கொண்டு. எதிரில் நிற்பது யார், அவருக்கு ஓட்டு இருக்கிறதா என்றெல்லாம் அவர் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களும் எழுதுங்கள்.

பெர்கன் கவுண்டியிலிருந்து:

நான் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். நான் மர்ஃபியை நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் 2020ல் என் வீட்டு மனிதர்களைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். மாநிலத்தில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தது மார்ச் 4. அதே நாளில்தான் அவருக்குச் சிறுநீரகக் கட்டி ஆபரேஷன். உடம்பு சரியாகி வந்ததும் தலைநகர் டிரெண்டனில் மதிய பிரீஃபிங் ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் சுகாதார கமிஷனர் ஜூடித் பெர்சிகிலி, அந்தப் பக்கம் போலீஸ் கர்னல் கல்லஹான்.

எண்ணிக்கை சொல்லி முடித்ததும் இறந்துபோனவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, திரையில் அவர்கள் படத்தைப் போட்டு, பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை பார்த்தார், யாரை விட்டுவிட்டுப் போனார் என்று ஒவ்வொருவராகச் சொல்வார். பஸ் டிரைவர், டீச்சர், பேரன் பேத்தி எடுத்த பாட்டி. நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூக்கம் வராமல், சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். எங்கள் வார்டில் அப்போது சொந்தபந்தம் யாரும் உள்ளே வர முடியாது. போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி நோயாளியின் காதருகே பிடித்திருக்கிறேன். வெளியே ஒருவர் அவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதியோர் இல்லங்களில் ஆயிரக்கணக்கில் போனார்கள், அந்தக் குடும்பங்களின் கோபம் இன்னும் ஆறவில்லை, அந்தக் கோபம் நியாயமானதுதான். எங்கள் ஃப்ளோரில் இருந்த பிலிப்பினோ அக்கா ஒருவர் அந்த ஒரு காரணத்துக்காகவே மர்ஃபிக்கு ஓட்டுப் போடவில்லை. நான் போட்டேன். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பேசிவிட்டு மறுபடி வேலைக்குப் போனோம்.

சவுத் பிரன்ஸ்விக்கிலிருந்து:

எதிர்த்துப் போட்டவர்களும் எழுதுங்கள் என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் ஜாக் சிட்டரெல்லிக்குப் போட்டேன். கடை வைத்திருக்கிறேன், வீட்டுக்கும் பிராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுகிறேன். மாநில சராசரியே அப்போது வருடத்துக்கு 9,000 டாலருக்கு மேல், நாட்டிலேயே அதிகம். வரிதான் உங்கள் ஒரே கவலை என்றால் எங்கள் மாநிலம் உங்களுக்குச் சரிப்படாது என்கிற தொனியில் மர்ஃபி 2019ல் பேசியதை சிட்டரெல்லி ஆட்கள் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்த ஒரு விளம்பரம் போதும். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

தேர்தல் வருடம் கோடையில், குழந்தை இருக்கிற, வருமானம் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருக்கிற குடும்பங்களுக்கு 500 டாலர் வரைக்கும் செக் வந்தது. எங்களுக்கும் வந்தது, வாங்கிக்கொண்டோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செக் வந்த நேரத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். சிட்டரெல்லியை ஒரு டைனரில் பார்த்தேன். மேசை மேசையாக வந்தார், எங்கள் மேசையிலும் நின்று கை கொடுத்தார். அக்கவுண்டன்ட் படிப்புப் படித்தவர், சொந்தமாகத் தொழில் நடத்தியவர், ரேரிடனில் வளர்ந்த உள்ளூர்க்காரர். பில் கட்டத் தெரிந்த ஆள் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. தோற்றபோது வருத்தப்பட்டேன். ஆனால் ஒன்று, நவம்பர் 12ஆம் தேதி தோல்வியை ஒப்புக்கொண்டார். எண்ணிக்கை முடியட்டும் என்று காத்திருந்தார், முடிந்ததும் விட்டுக்கொடுத்தார். அந்தச் சமயத்தில் நாட்டில் நடந்துகொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தால் அது சாதாரண விஷயமில்லை, அதற்காக அவர்மேல் மரியாதை கூடியது.

ஹில்ஸ்பரோவிலிருந்து:

டைனர் அண்ணா சொன்ன சிட்டரெல்லி அப்போது குடியிருந்தது எங்கள் ஊரில், தெருவுக்குத் தெரு அவர் பெயர்ப் பலகை நட்டிருந்தது. ஆனால் நான் எழுத வந்தது பக்கத்து ஊர் மேன்வில் பற்றி. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயல் மிச்சமாக வந்து கொட்டிய மழையில் மாநிலம் முழுக்க 30 பேர் இறந்தார்கள், பலர் காருக்குள்ளேயே. தெற்கே முல்லிக்கா ஹில்லில் சூறாவளி வீடுகளைப் பிய்த்துப் போட்டது. மேன்வில்லில் ரேரிடன் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. தண்ணீருக்கு நடுவே சில வீடுகள் கேஸ் கசிந்து வெடித்து எரிந்தன.

எங்களோடு தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கும் ஒருவர் வீடு அங்கே. நாங்கள் சிலர் கையுறை, கறுப்புக் குப்பைப் பை எல்லாம் வாங்கிக்கொண்டு போனோம். பேஸ்மென்ட் சுவரில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பது பழுப்புக் கோடாகத் தெரிந்தது. ஜிப்சம் பலகை கையால் தொட்டாலே பிய்ந்து வந்தது. வாசலில் மெத்தை, வாஷிங் மெஷின், குழந்தையின் ஊறிப்போன பள்ளிப் பை, கொலுப் பெட்டி. பொம்மைகளில் பாதி வண்ணம் கரைந்துவிட்டது, மீதியைக் கழுவி வெயிலில் வைத்தோம். அந்த வாரம் 7ஆம் தேதி பைடனோடு மர்ஃபி வந்தார். தெருவை அடைத்துவிட்டதால் நாங்கள் கிட்டே போக முடியவில்லை, தள்ளி நின்றுதான் பார்த்தோம். குப்பைக் குவியலுக்கு நடுவே நின்று வீட்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேமராவுக்காக வருகிறார்கள் என்று எங்களோடு வந்த ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வராமல் இருந்தால் என்ன பேசியிருப்போம்? ஆனால் எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடப்பதுதான். வெள்ளத்தில் மூழ்கும் வீடுகளை மாநில அரசே சந்தை விலைக்கு வாங்கி இடித்து, நிலத்தைக் காலியாக விடும் ப்ளூ ஏக்கர்ஸ் திட்டம் இங்கே மர்ஃபிக்கு ரொம்ப முன்னாலிருந்தே இருக்கிறது. அந்தக் கோப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்பது டிரெண்டனில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வாஷிங்டனில் யார் ஜெயித்தார் என்று விடிய விடிய டிவி பார்க்கிற நம் ஆட்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஜெர்சி சிட்டியிலிருந்து:

எனக்கு ஓட்டே இல்லை, எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். நன்கொடையும் கொடுக்கக் கூடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு மர்ஃபி பக்கம் வீடு வீடாகப் போனேன். போனில் ஒரு ஆப், அதில் கதவு எண், வாக்காளர் வயது, கட்சி. பாதிக் கதவு திறக்காது, துண்டுச் சீட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வர வேண்டியதுதான். ஒரு வீட்டில் குஜராத்திப் பாட்டி கதவைத் திறந்தார். தேர்தல் இந்த வருடமா என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டேன், மர்ஃபி பிடிக்காது என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். முன்கூட்டியே நேரில் போய் ஓட்டுப் போடும் வசதி அந்த வருடம்தான் முதல்முறையாக வந்தது, அக்டோபர் 23 முதல் 31 வரை. பாட்டிக்கு எந்த இடம், எத்தனை மணி வரைக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். என்னையும் கூட வரச் சொன்னார், எனக்கு ஓட்டு இல்லை என்றதும் அப்புறம் ஏன் வெயிலில் அலைகிறாய் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாமர்செட் கவுண்டியிலிருந்து:

நான் அந்தத் தேர்தலில் பூத் வேலை பார்த்தேன். வாக்காளர் கையெழுத்துப் போடும் பெரிய நோட்டுப் போய் டேப்லெட் வந்த முதல் வருடம். நவம்பர் 2 காலையில் பல ஊர்களில் அது இணைப்புக் கிடைக்காமல் நின்றுவிட்டது. எங்கள் இடத்திலும் கொஞ்ச நேரம் வரிசை நகரவில்லை, வேலைக்குப் போகிற அவசரத்தில் சிலர் திரும்பிப் போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நேரத்தை நீட்டிக்கச் சொல்லி நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், கிடைக்கவில்லை. எட்டு மணிக்குள் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் போட்டுவிட்டுத்தான் போனார்கள், அதை நாங்கள் விடவில்லை. தபால் ஓட்டு, தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்திருந்தால், ஆறு நாள் கழித்து வந்தாலும் செல்லும். அதனால்தான் எண்ணிக்கை இழுத்தது, மோசடியால் இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

செர்ரி ஹில்லிலிருந்து:

நான் எண்பதுகளில் வந்தவன், அதனால் கொஞ்சம் பழைய கதை. 2021ல் அந்த இரவு சிட்டரெல்லி முன்னால் போய்க்கொண்டிருந்தபோது என் பையன் பதறினான். எனக்குப் பழைய டெமாக்ரட் கவர்னர் ஜிம் ஃப்ளோரியோ ஞாபகம்தான் வந்தது. 1990ல் பதவிக்கு வந்த வருடமே 280 கோடி டாலர் வரி ஏற்றினார். விற்பனை வரி 6லிருந்து 7 ஆனது, டாய்லெட் பேப்பருக்கும் வரி. ஜனங்கள் டாய்லெட் பேப்பர் சுருளைத் தூக்கிக்கொண்டு டிரெண்டனுக்குப் போனார்கள், ரேடியோவைத் திருப்பினால் காலையிலிருந்து ராத்திரி வரை அவரைத் திட்டுவார்கள். அந்த ஆத்திரம் அடங்கவே இல்லை. 1993ல் கிறிஸ்டி விட்மனிடம் சுமார் 26,000 ஓட்டில் தோற்றார். மனிதர் நேர்மையானவர், தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தவர், எங்கள் கேம்டன் கவுண்டிக்காரர். அவர் தோற்றதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

அதற்கு முன்னால் 1976ல் கவர்னர் பிரெண்டன் பைர்ன் மாநில வருமான வரியைக் கொண்டுவந்து, இனி அவர் கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதிய பிறகு 1977ல் ஜெயித்தார் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். அவருக்குப் பிறகு மர்ஃபி வரைக்கும் டெமாக்ரட் கவர்னர் யாரும் இரண்டாவது முறை ஜெயித்ததில்லை. ஃப்ளோரியோ தோற்றார், மெக்ரீவி 2004ல் நடுவிலேயே விலகினார், கோர்சைன் 2009ல் கிறிஸ் கிறிஸ்டியிடம் தோற்றார். ஆக 44 வருடம். மர்ஃபி நடுநிசி தாண்டி ஆஸ்பரி பார்க்கில் மேடையேறி எல்லா ஓட்டும் எண்ணட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், மறுநாள் சாயங்காலம்தான் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. அதே தேர்தலில் மாநில செனட் தலைவராகப் பல வருடம் இருந்த ஸ்வீனியை எட்வர்ட் டர் என்கிற லாரி டிரைவர் தோற்கடித்தார். எங்கள் தெற்குப் பக்கத்தில் அன்றைக்கு டீக்கடைப் பேச்சு முழுக்க அதுதான், மர்ஃபியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஸ்வீனியின் ஊர்ப் பக்கம் இருந்த நம் ஆட்கள் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.