“எந்த ஓட்டல்ல தங்கியிருக்கீங்க?” – புதுச்சேரியில் உள்ளூர்க்காரராகிய உங்களிடம் இப்படி யாராவது கேட்டதுண்டா?

வைசியாள் வீதிக்காரன்:

டிசம்பர் 31 மாலை, கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதும், அங்கே குடியிருப்பவர்களுக்கும் ஓட்டலில் அறை எடுத்தவர்களுக்கும்தான் பாஸ் என்பதும் ஊரறிந்த செய்தி என்பதால் அதை விளக்கப் போவதில்லை. சித்தப்பா அறுவைச் சிகிச்சை முடிந்து அங்கே உள்ள அரசு பொது மருத்துவமனையில் படுத்திருந்தார். ரசம் சாதம் கொடுக்கலாம் என்று டாக்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அம்மா குழைய வடித்துக் கரைத்துக் கொடுத்த தூக்குச்சட்டியை வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஆறு மணி வாக்கில் கிளம்பினேன். பெரிய வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். அங்கே நின்றிருந்த இளைஞர் என் முகத்தையும் பார்க்கவில்லை, தூக்குச்சட்டியையும் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டே, “சார், எந்த ஓட்டல்ல தங்கியிருக்கீங்க?” என்றார்.

அந்த வாய்க்காலுக்கு மேற்கே மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். மருத்துவமனை என்று சொன்னேன். அவர் தாளில் மருத்துவமனை இல்லை. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த வெளியூர்க் கார் ஒன்று கைப்பேசியில் முன்பதிவைக் காட்டிவிட்டு உள்ளே போயிற்று. கடைசியில் வண்டியை ஒரு சந்தில் ஓரங்கட்டிவிட்டு, விசில் ஊதிக்கொண்டு கடற்கரையை நோக்கிப் போன கூட்டத்துக்கு நடுவே ரசம் சிந்தாமல் நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

தடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு கூட்டத்தில் வண்டிகளும் புகுந்தால் என்னவாகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் “இந்த ஊர்க்காரன்” என்ற பதிலுக்கு அந்தத் தாளில் இடமே இல்லாமல் இருந்தது இன்றுவரை உறுத்துகிறது. இதுபோல் நேர்ந்தவர்கள் எழுதுங்கள்.

திண்ணை வீட்டுப் பேத்தி:

எங்கள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் மிச்சமிருக்கும் வீடுகளை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வீடுகளுக்குத்தான் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று சனி, ஞாயிறுகளில் விடிந்ததும் விடியாததுமாக வந்துவிடுகிறார்கள். மஞ்சள் சுவரைத் தேடி ஒயிட் டவுனுக்குப் போகிறவர்கள், மரத்தூண்களைத் தேடி எங்கள் பக்கம் வருகிறார்கள்.

ஒரு நாள் தாத்தா வழக்கம்போலக் காபி குடித்துவிட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேமராவோடு வந்த பையன் மிகவும் மரியாதையாகக் குனிந்து, “தாத்தா, நீங்க ஃபிரேம்ல வர்றீங்க, அஞ்சு நிமிஷம் உள்ள போய் இருக்க முடியுமா?” என்று கேட்டான். மணப்பெண் தரையில் புரளும் பாவாடையோடு, நான் அப்போதுதான் போட்டிருந்த கோலத்தின் மேல் நின்றாள். தாத்தாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பேப்பரை அகல விரித்து முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு, “இப்ப வரமாட்டேன், எடுத்துக்கோ” என்றார். மூன்று முறை படம் எடுத்தார்கள். மூன்றிலும் பேப்பருக்குக் கீழே அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

வழிப்போக்கன் உட்கார வேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் திண்ணை கட்டினார்கள். வழிப்போக்கன் வந்து வீட்டுக்காரரை எழுந்திருக்கச் சொல்லும் காலம் வரும் என்று கட்டியவர் நினைத்திருக்க மாட்டார்.

உப்பளத்து ஓட்டுநர்:

வைசியாள் வீதி அண்ணன் மனம் வருந்தக் கூடாது, ஆனால் நீங்கள் குறை சொல்லும் அந்தக் கூட்டத்தில்தான் என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. என் அனுபவம் சிறியது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஆட்டோவில் ஏற்றி ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டினேன். பாரதி பூங்கா, பழைய கலங்கரை விளக்கம், டூப்ளே சிலை எல்லாம் பார்த்து முடித்ததும் அந்த அம்மா, “இந்த ஊர் ஆட்கள் எங்கே இருப்பார்கள்? அவர்களையும் பார்க்க வேண்டும்” என்றார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். பிறகு நேரே பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதிக்குக் கொண்டுபோய் இறக்கினேன். கூடைக்காரி ஒருத்தி வழிவிடச் சொல்லி அதட்டிய அதட்டலில், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அண்ணன் அன்று செய்திருக்க வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன், அடுத்த ஆண்டு மற்றவர்களுக்காவது உதவும். டிசம்பர் 31 அன்று இரவுச் சாப்பாட்டை மதியம் மூன்று மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்; ரசம் ஆறினால் கெட்டுவிடாது, வார்டில் வெந்நீர் கேட்டுச் சூடுபடுத்திக்கொள்ளலாம். துணைக்கு இருப்பவருக்கு மருத்துவமனையில் தரும் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தடுப்பில் பேச்சு வளராது. சாதாரண வாரங்களிலும் வெள்ளி மதியத்துக்குள் மார்க்கெட் வேலையை முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் சென்னைக் கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நான்கு மணிக்கு மேல் இறங்கத் தொடங்கிவிடும். அதன்பின் கொக்கு பார்க் சிக்னலிலும் அஜந்தா சிக்னலிலும் நிற்பவர்கள் நின்றபடியே இருப்பார்கள். ஞாயிறன்று காந்தி வீதியில் சந்தை கூடுவதால் அந்தப் பக்கம் வண்டியை எடுப்பதே வீண். கடலூர் சாலையில் ரயில்வே கேட் மூடும் நேரம் தெரியாமல் போனால் அதற்கும் சேர்த்து அரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டி போகாது என்பது ஊருக்கே தெரியும், இருந்தும் உள்ளூர்க்காரர்களே ஐந்தே முக்காலுக்கு உள்ளே போய் மாட்டிக்கொண்டு எங்களைத் திட்டுகிறார்கள். கொஞ்சம் திட்டமிட்டால் இந்த ஊரில் யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

வைசியாள் வீதிக்காரன்:

ஓட்டுநர் தம்பி, மூன்று மணிக்குப் போயிருக்கலாம், உண்மைதான். ஆனால் என் கேள்வி நேரத்தைப் பற்றியது அன்று. ஓர் ஊரில் பிறந்தவன் தன் சித்தப்பாவைப் பார்க்க, சுற்றுலா வந்தவனைவிட அதிகமாகத் திட்டமிட வேண்டும் என்பது உங்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது, எனக்குத் தோன்றவில்லை.

சொல்தா வீட்டுப் பிள்ளை:

பிரெஞ்சுத் தேசிய தினமான ஜூலை 14 பற்றி யாரும் எழுதவில்லையே என்று நான் எழுதுகிறேன். என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் சொல்தா. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தாத்தா எழுதிக் கொடுத்தார், அவருடைய தம்பி கொடுக்கவில்லை. ஆகவே ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் பிரான்சின் தேர்தலில் வாக்களிக்கிறார்கள், அந்தப் பக்கம் புதுச்சேரித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான்.

13ஆம் தேதி இரவு விளக்கு ஊர்வலம் முடிந்து, மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார்கள். இரண்டு நாட்டுப் பண்ணும் ஒலிக்கும். பெரியப்பா முந்தைய இரவே பதக்கங்களைப் புளி போட்டுத் துலக்கி, கோட்டில் இடது பக்கம் வரிசை பிசகாமல் குத்தி வைத்துவிடுவார். ஓர் ஆண்டு நிகழ்ச்சி முடிந்து அவர் வெளியே வந்து மூச்சு வாங்க நின்றபோது, அரைக்கால் சட்டை அணிந்த ஓர் இளைஞன் அவர் நெஞ்சிலிருந்த பதக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்து, “சார், என்ன படம் ஷூட்டிங்?” என்று கேட்டான்.

பெரியப்பா தமிழில் பதில் சொல்லவில்லை. விறைப்பாக நின்று, தன் படைப்பிரிவு, பணியாற்றிய ஊர், ஒவ்வொரு பதக்கமும் எதற்குக் கிடைத்தது என்பது வரை பிரெஞ்சிலேயே நிதானமாகச் சொல்லி முடித்தார். அந்தப் பையன் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டே நின்றான். என்னை உறுத்துவது அவன் கேள்வி அன்று. சுற்றி நின்ற நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் அதைக் கேட்டுச் சிரித்தார்களே, அதுதான் உறுத்துகிறது. அவர்களுக்கும் பெரியப்பா வெளியூர்க்காரர்தான்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

நீங்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். கொஞ்சம் கடலூர்க்காரனையும் நினைத்துப் பாருங்கள். நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன், பல ஆண்டுகளாகத் தினமும் வந்து போகிறேன். என் வண்டியின் எண் டி.என். 31 என்று தொடங்குவதால், இங்கே நெரிசல் நாட்களில் நான் சுற்றுலாப் பயணி. ஓரமாக நிறுத்தி எங்கே போகிறேன் என்று விசாரிப்பார்கள். மாலையில் முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் அதே வண்டிக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. பாண்டியிலிருந்து திரும்புகிறவன் என்றால் பையில் பாட்டில் இருக்கத்தானே வேண்டும்!

ஒரு மாலை சோதனையில் நின்றவர் என் பையை வாங்கி, பெரிய மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டை ஒவ்வொன்றாக விலக்கி, அடியில் இருந்த கண்ணாடிப் பாட்டிலை வெற்றியோடு தூக்கினார். மூடியைத் திறந்து முகர்ந்தவர் முகம் சுருங்கியது. அது வினிகர், வீட்டில் மீன் ஊறுகாய் போட வாங்கிப் போனது. அவர் இன்னொரு முறை முகர்ந்து பார்த்த பிறகுதான் என்னை அனுப்பினார். அங்கேயும் ஊர்க்காரன் இல்லை, இங்கேயும் ஊர்க்காரன் இல்லை. உங்களுக்காவது ஒரு பக்கம்தான் தடுப்பு.

கிருஷ்ணா நகர் மாடிவாசி:

மேலே எழுதியவர்கள் எல்லாம் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவில் எங்கள் பக்கம் கூட்டமே இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை, தாழ்வான எங்கள் நகரில் வடிய வழியில்லாமல் நின்றது. கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. மாடிப்படியில் நாங்கள் கரியால் கோடு போட்டு, அது ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து அக்கா போனில், “டிவியில் பாண்டியைக் காட்டுகிறார்கள், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்று அலையைப் பார்க்கிறார்கள், நீ என்னமோ மாடியில் மாட்டிக்கொண்டேன் என்கிறாயே” என்றார். அவர் கண்ணில் புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலை. அது நனைந்தால் ஊர் நனைந்தது, அது காய்ந்தால் ஊர் காய்ந்தது. பிறகு ராணுவத்தினரின் படகு எங்கள் தெருவுக்குள் வந்தபோது, இந்தி பேசிய வீரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து இது எத்தனையாவது குறுக்குத் தெரு என்று கேட்டார். தெருப் பலகையும் இல்லை, சுற்றுச்சுவரும் இல்லை, வழக்கமாக அடையாளம் சொல்லும் இஸ்திரி வண்டியும் இல்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தைக் காட்டினேன். பாவம், அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஓட்டுநர் அண்ணன் சொன்ன திட்டமிடலை நான் மறுக்கவில்லை. அந்தத் திட்டத்தில் எங்கள் வாய்க்காலைத் தூர் வாருவது எந்த மாதத்தில் வருகிறது என்று மட்டும் சொல்லட்டும்.

வில்லியனூர்க்காரர்:

சுருக்கமாக ஒன்று. எங்கள் திருக்காமீசுவரர் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார். இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். அவர்கள் பிடித்துப் படம் எடுத்து முடிக்கும்வரை எங்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவைப்பார்கள். அவர்கள் போனபின் நிலைக்கு வரும்வரை இழுப்பது நாங்கள்தான். எனவே வைசியாள் வீதி அண்ணன் சொல்வது புதிய வழக்கம் ஒன்றும் இல்லை.

வைத்திக்குப்பத்து மருமகள்:

எல்லோரும் வெளியூர்க்காரர்கள் வந்து தெருவைப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறீர்கள். மாசி மகத்தன்று எங்கள் குப்பத்தை வந்து பாருங்கள். மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் இன்னும் எத்தனையோ ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் வருகிறார்கள். அன்று வீட்டுக்காரர்களுக்கு வாசல் கிடையாது. வாசலில் நீர்மோர்ப் பானை இருக்கும், திதி கொடுத்துவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள் இருப்பார்கள், தொலைந்த குழந்தையின் பெயரை ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான் கல்யாணமாகி வந்த முதல் மாசி மகம். அடுப்படியில் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாள் நேரே பின்கட்டுக்குப் போய், கொடியில் தன் ஈரச் சேலையைப் பிழிந்து போட்டுவிட்டு, அடுப்படிக்குள் தலையை நீட்டினார். என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீ யாரும்மா, புதுசா இருக்கே?” என்றார். என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு நான் யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. மாமியார் ஓடிவந்து, அவர் மயிலத்துக்குப் பக்கத்து ஊர் என்றும், மாமனாருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே மகத்துக்கு வருகிறவர் என்றும் சொன்னார். அந்த அம்மாள் புளிக்கரைசலை நாக்கில் விட்டுப் பார்த்து உப்பு போதாது என்றார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமில்லை. அடுத்த ஆண்டு அவர் வரத் தாமதமானபோது, வாசலுக்கு இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தவளும் நான்தான்.

ஆகையால் திண்ணை வீட்டுத் தங்கச்சி, அந்தக் கேமராப் பையனை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதே. ஆனால் கோலத்தை மிதித்ததற்கு அந்த மணப்பெண் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அதில் நான் உன் பக்கம். ஓட்டுநர் அண்ணனிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு வழி சொல்லிக்கொடுத்த நீங்கள், மகத்தன்று மட்டும் எங்கள் தெருவுக்குள் சவாரி ஏற்றிக்கொண்டு வராதீர்கள். சாமி வரும் டிராக்டர் திரும்பவே அங்கே இடமில்லை.