ஒன்றரை வயசுக் குழந்தைக்கு காச்சல்: வூட்லயே பாக்கலாமா, ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா?

நொய்யக்கரை (காங்கேயம்):
நேத்து பொழுதோட பக்கத்தூட்ல ஒரே சத்தமுங்க. அவுங்க பாப்பாவுக்கு ஒன்றரை வயசு, மேலு சுட்டுது, தெர்மாமீட்டர் வெச்சா 102. ஆனா பாப்பா வாசல்ல கோழியத் தொரத்திட்டுத் திரியுது, இட்லி சரியா உங்கலீன்னாலும் பாலு தண்ணியெல்லாம் குடிச்சுட்டுத்தான் இருந்துச்சு. அப்பன்காரன் இப்பவே ஈரோடு போயிரலாம்ங்கறான், அமுச்சி (பாட்டி) விடியால பாத்துக்கலாம்ங்கறாங்க. நான் அமுச்சி பக்கமுங்க. எல்லாரும் தெர்மாமீட்டர் நம்பரயே பாக்கறாங்க, குழந்தையப் பாக்கறதில்ல. 102 காட்டியும் வெளயாடற குழந்தைய விட 100 காட்டிட்டு தொவண்டு கெடக்கற குழந்தைக்குத்தான் நாம பயப்படோணும். ஒண்ணுமில்லாத சளிக்காச்சலுக்குப் போயி ஊசி போடுங்க டிரிப்ஸ் போடுங்கன்னு நாமளே கேட்டு, வைரஸ் காச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கியாந்து ஊத்தறோம், இது எங்க போய் நிக்குமோ தெரியல.

பவானிக்காரன்:
ஏனுங்க, எழுதறதுக்கு நல்லாத்தான் இருக்குது. நாங்க அந்தியூருக்கு அக்கட்டால மலையடிவாரத்துல இருக்கறோம், குழந்தை டாக்டர்னா பவானி இல்லாட்டி ஈரோடு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு குழந்தை மோசமாயிருச்சுன்னா பஸ்ஸுக்கு எங்க போறது? சாயங்காலம் நல்லாருந்த குழந்தைக்கு நடுச்சாமத்துல வெட்டு (வலிப்பு) வந்தா நீங்க வந்து நிப்பீங்களா? மொதக் குழந்தை பெத்த பொண்ணுக்கு எது தூக்கம் எது சோர்வுன்னு எப்படித் தெரியும்? காச்சல்னா டாக்டர் பாக்கோணும், அவ்ளோதான். வீணாப் போனா எரநூறு முன்னூறு ரூவா, போவாம உட்டா குழந்தை.

பெரியூட்டுக்காரர்:
தம்பிகளா, எங்காத்தா ஏழு புள்ளைகள வளத்துனா, எந்த டாக்டரப் பாத்தா? வசம்பு சுட்டு ஒரசி நாக்குல வெப்பா, மாந்தம்னா தொக்கம் எடுக்க ஆள் இருந்துச்சு, அடுத்த நாள் குழந்தை எந்திரிச்சு ஓடும். இப்ப தும்முனா கோயமுத்தூர், இருமுனா கோயமுத்தூர்.

சென்னிமலை நர்ஸ்:
பெரியவங்க கோவிச்சுக்க வேண்டாமுங்க, ஆனா இத சொல்லாம இருக்க முடியல. உங்காத்தா காலத்துல நம்மூர்ல எத்தன கைக்குழந்தைக போச்சுன்னு ஒருக்கா வூட்ல விசாரிச்சுப் பாருங்க, ஒவ்வொரு வூட்லயும் ஒண்ணு ரெண்டு சொல்லுவாங்க. தொக்கம் எடுக்கறேன்னு தொண்டைல விரல உட்டு ஊதறதுல சோறு மூச்சுக்கொழாய்க்குப் போயிரும், தொண்டை கிழிஞ்சு புண்ணாகும். அத விட மோசம், அதுக்கு அலைஞ்சதுல போற நேரம். வசம்பும் வேண்டாம், கொஞ்சம் கூடுனாலே கைக்குழந்தைக்கு ஆபத்து.

இப்ப மத்த ரெண்டு பேருக்கும். நொய்யக்கரை சொல்றதுல பாதி சரி, ஆனா வயசச் சொல்லாம உட்டுட்டாரு. 3 மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 100.4 வந்துட்டா வெளயாடுதா சிரிக்குதான்னெல்லாம் பாக்கப்படாது, நேரா ஆஸ்பத்திரி, எந்த நேரமானாலும். ஒன்றரை வயசுன்னா குழந்தை எப்படி இருக்குதுங்கறதுதான் முக்கியம். தாய்ப்பாலோ தண்ணியோ குடிக்கவே மாட்டேங்குதா, குடிச்சதெல்லாம் வாந்தியா வருதா, வலிப்பு வந்துச்சா, எழுப்புனா கண்ணு முழிக்காம மந்தமா இருக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க. எங்க பயிற்சில மொதல்ல சொல்லிக் குடுக்கறதே இதத்தானுங்க.

அப்புறம் மூச்சு. இத நெறைய பேரு பாக்கறதேயில்ல. குழந்தை அழுவாம தூங்கறப்ப சட்டையத் தூக்கி வெச்சுட்டு ஒரு நிமிசம் முழுசா வயிறு ஏறி எறங்கறத எண்ணோணும், கால் நிமிசம் எண்ணி நாலால பெருக்கப்படாது. 1 வயசுலருந்து 5 வயசு வரைக்கும் 40 அல்லது அதுக்கு மேல இருந்தா வேகமான மூச்சு, 2 மாசத்துலருந்து 1 வயசுக்குள்ளன்னா 50. ஒவ்வொரு மூச்சுக்கும் வெலாவுக்குக் கீழ உள்ளாற குழி உழுந்து உழுந்து எழுந்தா தெர்மாமீட்டர்ல என்ன இருந்தாலும் ஒடனே கெளம்போணும்.

பவானிக்காரன்:
இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், பயந்து போயி நிக்கற அப்பனுக்குக் கை நடுங்குறப்ப எண்ண வருமா? வெட்டு பத்தி ஒருத்தரும் பதில் சொல்லல பாருங்க.

சென்னிமலை நர்ஸ்:
நியாயமான கேள்விதானுங்க. 6 மாசத்துலருந்து 5 வயசு வரைக்கும் சில குழந்தைகளுக்கு காச்சலோட வலிப்பு வரும், பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிசத்துல தானா நின்னுரும். பாரசிட்டமால் குடுத்தா வலிப்பு வராதுன்னு எந்த உத்தரவாதமும் இல்லீங்க, அது குழந்தை சொகமா இருக்கறதுக்குத்தான். வந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, சுத்தியும் எடத்த காலி பண்ணி, மணி பாருங்க. வாய்ல ஸ்பூன் வெக்காதீங்க, கைல சாவி திணிக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. 5 நிமிசம் தாண்டுனா 108. மொத தடவன்னா சீக்கிரம் நின்னாலும் டாக்டர்கிட்டக் காட்டியே ஆகோணும்.

திருப்பூர் அம்மிணி:
நான் பனியன் கம்பெனில வேலைக்குப் போறேன், குழந்தைய அத்தை பாத்துக்கறாங்க. இருமல் வந்தா மெடிக்கல்ல சொன்னா சிரப் குடுத்துருவாங்க, அது போதுமில்லீங்களா? காச்சல் சிரப் வூட்ல ரெண்டு பாட்டில் இருக்குது, ஒண்ணுல 120னும் ஒண்ணுல 250னும் போட்டிருக்குது, ரெண்டும் ஒண்ணுதானே?

சென்னிமலை நர்ஸ்:
கண்ணு, ரெண்டும் ஒண்ணில்ல. அது 5 மில்லில எத்தன மில்லிகிராம் மருந்துங்கற கணக்கு. பத்து கிலோ குழந்தைக்கு 120 பாட்டில்ல 5 மில்லின்னா 250 பாட்டில்ல 2.5 மில்லிதான். சொட்டு மருந்து பாட்டில்ல அத விட கட்டியா இருக்கும். அத்தை எந்த பாட்டில எடுக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியாது, அதனால இன்னிக்கே ஒரு பாட்டில அக்கட்ட எடுத்து வெச்சுருங்க. கிலோவுக்கு 10லருந்து 15 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்குள்ள மறுபடி குடுக்கப்படாது.

இருமல் சிரப் வேண்டவே வேண்டாமுங்க. 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல குழந்தைக செத்தது நெனப்பிருக்கா, நம்ம காஞ்சிபுரத்துல செஞ்ச சிரப், டைஎத்திலீன் கிளைகால்ங்கற விஷ ரசாயனம் கலந்து கிட்னி போயிருச்சு. 2 வயசுக்குள்ள குழந்தைக்கு இருமல் சளி சிரப் எழுதவே கூடாதுன்னு மத்திய சுகாதாரத் துறையே அப்ப அறிவுறுத்துச்சு. பச்ச மண்ணுக உசிரு, இத நெனச்சா எனக்கு இன்னும் ஆறல.

நொய்யக்கரை:
நான் சொல்ல வந்ததும் இதத்தானுங்க, குழந்தையப் பாக்கோணும்னு. வயசு விசயம் நான் எழுதல, சேத்துக்கறேன். ஆனா பவானிக்காரரே, 102ன்னா ஒடனே ஓடோணும்ங்கறத நான் இப்பவும் ஒத்துக்க மாட்டேன்.

பவானிக்காரன்:
நீங்க ஒத்துக்க வேண்டாம். டெங்கு சீசன்ல எங்க ஊர்ப் பக்கம் காச்சல் உட்டுருச்சுன்னு சந்தோசப்பட்ட வூட்லதான் குழந்தைய ஜி.எச்-சுக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. அது எப்படி நடக்குதுன்னு நர்ஸம்மா சொல்லட்டும்.

சென்னிமலை நர்ஸ்:
அதுல அவரு சொல்றது முழுசும் சரிங்க. டெங்குல ஆபத்து வர்றதே காச்சல் எறங்கறப்பத்தான், 3வது நாள்லருந்து 7வது நாளுக்குள்ள. வயித்துவலி, நிக்காத வாந்தி, கை கால் சில்லுனு ஆகறது, ஈறுல ரத்தம், ஒண்ணுக்கு போறது கொறையறது, இதப் பாத்தா காச்சல் இல்லீங்கறதுக்காக வூட்ல உக்காந்திராதீங்க. தூரத்துல இருக்கறவங்க கணக்கே வேற, அதையும் ஒத்துக்கறேன். டவுன்ல இருக்கறவங்க ராத்திரி ஒருக்கா பாத்துட்டு முடிவெடுக்கலாம், மலையடிவாரத்துல இருக்கறவங்க மத்தியானமே கொஞ்சம் சந்தேகமா இருந்தாலும் பொழுது சாயறதுக்குள்ள காட்டிட்டு வந்துருங்க. மூணு நாள் தாண்டியும் காச்சல் நிக்கலைன்னா எங்க இருந்தாலும் ரத்தம் பாக்கோணும்.

திருப்பூர் அம்மிணி:
ஒண்ணே ஒண்ணுங்க. பேதி ஆனா ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டுல கொஞ்சமாப் போட்டு டம்ளர்ல கலக்கி, மீதிய மடிச்சு வெச்சுக்கலாமா? அத்தை அப்படித்தான் பண்றாங்க.

சென்னிமலை நர்ஸ்:
வேண்டாம் கண்ணு, கண்ணளவுல போட்டா உப்பு கூடிப் போயிரும், அது குழந்தைக்கு ஆகாது. 1 லிட்டர் பாக்கெட்ட முழுசா 1 லிட்டர் ஆறவெச்ச தண்ணில கலக்கி மூடி வெச்சு, 24 மணி நேரம் ஆனா மீதிய கொட்டிருங்க. ஸ்பூன் ஸ்பூனா குடுங்க, வாந்தி எடுத்தா பத்து நிமிசம் உட்டுட்டு மறுபடி மெதுவா. ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகல, அழுதா கண்ணுல தண்ணி வரல, கண்ணு உள்ள போயிருச்சுன்னா கம்பெனில லீவ் சொல்லிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.