கம்மலைக் கழற்றச் சொல்கிறார்கள். பைபிளில் 1 பேதுரு 3ஐ நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

நாசரேத்துக்காரி:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பெண். ஊர் நாசரேத் பக்கம், வேலை சென்னையில். வரும் மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெந்தெகொஸ்தே, நகை போடாத சபை. பையனைக் கல்லூரியிலிருந்தே தெரியும், அவரைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் என் காதில் கிடக்கும் ஒரு ஜோடி கம்மலால்தான்.

பேசி முடிக்க வந்த அன்று, வருங்கால மாமியார் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டு பைபிளைத் திறந்து காட்டினார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட இடம். "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து" என்று தொடங்கி "இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே உங்களுக்கு அலங்காரமாயிருக்கக்கடவது" வரை. "உனக்குத்தான் உள்ளான அழகு இருக்கேம்மா, இது எதுக்கு?" என்று என் காதைத் தொட்டுப் பார்த்தார். அன்பாகத்தான் கேட்டார், அதை மறைக்கக் கூடாது. அவர் கண்ணாடிக்குத் தங்க நிறத்தில் பிரேம், கையில் தங்க நிறத்தில் வாட்ச். வாட்ச் நேரம் பார்ப்பதற்கு, அதனால் நகைக் கணக்கில் சேராதாம்.

ஹாலில் ஆண்கள் பேச்சு வேறு. "எங்களுக்கு நகை வேண்டாம், பொண்ணுக்குப் போட நினைச்சதைப் பணமாகவோ இடமாகவோ எழுதிடுங்க" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. அப்பாவும் தலையை ஆட்டிவிட்டார்.

இந்தக் கம்மல் என் ஆச்சி காதில் தொங்கிய பெரிய பழங்கால நகையான பாம்படத்தை அழித்துச் செய்தது. ஆச்சியும் கிறிஸ்தவள்தான், பாம்படம் தோளில் இடிக்க முதல் மணிக்கே கோவிலுக்குப் போய் உட்காருவாள். அழிக்கும்போது ஆசாரி எங்கள் முன்னால்தான் பிளந்தார். மேலே மெல்லிய தகடு, உள்ளே முழுக்க அரக்கு. பார்க்கிற அளவுக்குத் தங்கம் இல்லை, இரண்டு சின்னக் கம்மலுக்குத்தான் தேறியது.

வசனம் இதைத்தான் சொல்கிறதா? நகை போடாத சபையில் இருப்பவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். "சண்டை வேண்டாம், கழற்றி வை" என்பதை அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

வெள்ளைச்சேலை:
நான் பிறந்ததே நகை போடாத சபையில். காது குத்தவே இல்லை. வெளியில் இருப்பவர்கள் இதை அடிமைத்தனம் என்று நினைக்கிறார்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் சபையில் பாதிப் பேர் பீடி சுற்றுகிற வீட்டுப் பெண்கள். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் இரவல் சங்கிலிக்கு நாலு வாசல் ஏறி இறங்குவார்கள், அல்லது அடகுக் கடையில் கிடப்பதை மீட்க வட்டிக்கு வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாயில் வந்து உட்கார்ந்தால் யார் கழுத்தையும் யாரும் பார்ப்பதில்லை. யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தை கட்டியவனுக்குப் பாதபடி என்று வருகிறதே, அது எங்கள் பாயில் நடக்காது. என் அம்மாவுக்கு இந்த வெறுங்கழுத்து கொடுத்த நிம்மதியை எந்தப் பிரசங்கமும் கொடுத்திருக்காது.

ஆனால் நகைக்குப் பதில் பணம் கேட்டது சுத்த வியாபாரம் சகோதரி. அதற்குப் பேதுருவைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

குழித்துறை டீச்சர்:
மோளே, அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசி. வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவன்மார் உள்ள மனைவிகளுக்கு எழுதியது அது. பிரசங்கம் பண்ணி அல்ல, நடத்தையால் அவர்களை ஆதாயப்படுத்து என்கிறார். சடைப்பின்னல், பொன், விலையுயர்ந்த துணி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். பின்னலை எந்தச் சபை தடுத்திருக்கிறது? முகூர்த்தப் பட்டு என்ன விலைக்கு எடுக்கப்போகிறார்கள் என்றும் கேட்டுப் பார். ஆதியாகமம் 24ல் ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொற்காதணியும் கடகமும் கொடுத்துத்தான் பெண் பேசினான்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் உடம்பில் எது கிடக்கலாம் என்பது வெறும் அலங்காரப் பேச்சாக இருந்ததே இல்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். மிஷன் சபைகளுக்கு வந்த பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டபோது சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1859ல்தான் மகாராஜாவின் உத்தரவு வந்தது, அதுவும் மேல்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வாலோடு. 1915ல் கொல்லத்தில் புலையர் தலைவர் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் புலையர் பெண்கள், ஜாதி அடையாளமாகச் சுமந்த கல்மாலையை அறுத்துப் போட்டார்கள். எங்கள் பாட்டிமார் ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள், அவர்கள் ஒன்றைக் கழற்றினார்கள். இரண்டையும் அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். வெள்ளைச்சேலையின் அம்மாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. உன் விஷயத்தில் முடிவு யாருடையது என்று பார்.

மதுரைக்காரன்:
"மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்." 1 சாமுவேல் 16:7, எல்லார் வீட்டுக் காலண்டரிலும் உண்டு. அதே அதிகாரம் 12ஆம் வசனத்தில் தாவீதுக்குச் சிவந்த மேனி, அழகிய கண்கள் என்று வருகிறது. எங்கள் சபை வரன் குறிப்புகளைப் பார்த்தால் 12ஐ மட்டும்தான் படித்திருப்பார்கள் போல. "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, நல்ல நிறமுள்ள மணமகள் தேவை." என் தங்கை பொட்டுத் தங்கம் போடாதவள், ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறவள், கருப்பு. போட்டோ கேட்டவர்கள் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. உன்னதப்பாட்டில் "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்" என்று ஒருத்தி சொல்கிறாளே, அதை யாரும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

நாசரேத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. வெள்ளைச்சேலை அக்கா, பாயில் உட்காருவதைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மாமியார் அந்த மாதிரிச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே கழற்றியிருப்பேன்.

நேற்று மாப்பிள்ளையோடு பேசினேன். கல்யாணத்தன்று கம்மல் இல்லாமல் வர எனக்குச் சம்மதம், ஆனால் நகையோடு சேர்த்து அந்தப் பணம், இடம் கேட்கிற பேச்சையும் விட்டுவிட வேண்டும் என்றேன். அதற்கப்புறம் போடுவதும் போடாததும் என் பாடு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "பெரியப்பாகிட்ட நானே பேசறேன், அம்மாகிட்ட நீ பேசு" என்றார். பங்கு பிரித்ததில் எனக்குத்தான் சுலபமானது வந்திருக்கிறது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தோட்டத்தை அளக்க சர்வேயருக்குச் சொல்லிவிட்டாராம்.