பட்டன் ரோஸை வீட்டுக்குள் வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், முதலில் என்னுடையது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

போன தை மாதம் மகள் பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு பட்டன் ரோஸ் செடி கொண்டுவந்தாள். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சட்டி. ஏழு பூ, அதைப் போல இரண்டு மடங்கு மொட்டு. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு நாள்தான். மொட்டெல்லாம் விரியாமலே பழுப்பாகிவிட்டது. இலை மங்கி, ஊசியால் குத்திய மாதிரி வெளிர் புள்ளிகள் வந்து, தொட்டால் உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். இன்னும் வேகமாகக் கொட்டியது.

பொள்ளாச்சி போகிற வழியில் நாங்கள் வழக்கமாக நாற்று வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சட்டியை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். அவர் செடியைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளைச் செடிக்குக் கீழே பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டினார். தாளில் மிளகுத்தூள் சிந்தின மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் அந்தத் தூள் நகர்ந்தது. “சிலந்திப் பேனுங் அம்மிணி. இலைக்கு அடியில பாருங்க, நூலாம்படை கட்டியிருக்கு” என்றார்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ரோஜாவை வீட்டுக்குள் வைப்பவர்கள் இழக்கும் செடிகளில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது என்று இப்போது நம்புகிறேன். சிலந்திப் பேன் பூச்சி இனமே இல்லை. எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரணப் பூச்சிமருந்து பலவற்றுக்கு அது சாவதில்லை. வெப்பமும் வறண்ட காற்றும் கிடைத்தால் முட்டையிலிருந்து ஒரு வாரத்தில் பெரிதாகி மறுபடி முட்டையிடும். வெளியில் இருக்கும் செடியை மழை கழுவிவிடும், பேனைத் தின்னும் உயிர்களும் உண்டு. வீட்டுக்குள் இரண்டும் கிடையாது. எங்கள் ஊரோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வரும் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். அந்தக் காற்று நேராக வந்து மோதும் ஹாலில்தான் நான் செடியை வைத்திருந்தேன்.

பெரியவர் சொன்னபடி செய்தது இதுதான். மண் கொட்டாமல் இருக்கச் சட்டியின் வாயில் பாலிதீன் பை கட்டி, செடியைத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்துப் படுக்க வைத்து, குழாயில் வேகமாகத் தண்ணீர் விட்டு இலையின் அடிப்பக்கத்தை நன்றாக அடித்தேன். மூன்று நாளைக்கு ஒரு முறை. அடிப்பக்கம் முக்கியம், மேலே நனைத்துப் பயனில்லை. வாரம் ஒரு நாள், வெயில் தாழ்ந்தபின் வெளியில் வைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தேன். ஒரு முறை செய்து நிறுத்தினால் முட்டைகள் தப்பிவிடும். நான் மூன்று வாரம் விடாமல் செய்தேன். இலையில்லாத குச்சிகளைப் பாதிக்கு வெட்டிவிட்டேன். வெட்டும்போது கை நடுங்கியது, உண்மை.

மாசி பாதியில் சிவப்பாகத் துளிர் வந்தது. பங்குனிக் கடைசியில் முதல் பூ. வெட்டியதிலிருந்து கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 45 நாள்.

இன்னொன்று. அந்தச் சின்னச் சட்டியில் இருந்தது ஒரு செடி இல்லை, நான்கு. பார்க்க அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று நான்கு குச்சிகளைச் சேர்த்து வேர்பிடிக்க வைத்து விற்கிறார்கள். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. துளிர் வந்தபின் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆறு அங்குலச் சட்டிகளுக்கு மாற்றினேன். மூன்று பிழைத்தன, ஒன்று போய்விட்டது.

இப்போது மூன்றும் கிழக்கு ஜன்னலில் இருக்கின்றன. தெற்கு ஜன்னல் நல்லது என்று நிறைய இடத்தில் எழுதுகிறார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் பக்கத்தில் சித்திரையிலிருந்து ஆவணி வரை உச்சிச் சூரியன் வடக்கே போய்விடும், தெற்கு ஜன்னலில் வெயிலே விழாது. கிழக்கில் வருடம் முழுவதும் காலை வெயில் உண்டு. கொசு வலையையும் கழற்றி வையுங்கள். அது எவ்வளவு வெளிச்சத்தைத் தின்கிறது என்பது கழற்றிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் ஊர்களில் எப்படி?

குடியாத்தத்திலிருந்து

அம்மா, நல்ல பதிவு. ஆனால் ரோஜாவை வீட்டுக்குள் வளர்ப்பது என்பதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று செடி பறிகொடுத்த பிறகு சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து டெம்போவில் செடி வரும். விற்பவர் பாதி தெலுங்கு, பாதி தமிழ். “ரோஜா மொக்க, ரோஜா மொக்க” என்று கூவிக்கொண்டு வருவார், தெலுங்கில் மொக்க என்றால் செடி. செடிகளின் வேரைச் சுற்றிக் கெட்டிக் களிமண் உருண்டை இருக்கும். கோதாவரிப் பக்கத்து நர்சரிகளிலிருந்து லாரியில் பல நாள் வர வேண்டிய செடிக்கு அந்த மண்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அது குறை இல்லை. நாம் அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் வைப்பதுதான் தவறு. வெளியே இருக்கிற நம் மண் காய்ந்துபோகும், உள்ளே களி சேறாகவே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவோம், உள்ளே வேர் அழுகும். என் முதல் செடி அப்படித்தான் போனது. இப்போதெல்லாம் பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துக் களியைக் கரைத்துவிட்டு, செம்மண், மட்கிய மாட்டெரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவு கலந்து நடுகிறேன். வெயில் காலத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஆடிக்குப் பிறகு செய்யுங்கள்.

அடுத்த இரண்டும் அக்னி நட்சத்திரத்தில் போயின. தறி இருக்கும் அறையில் மேற்கு ஜன்னல். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. மூன்று மணி வெயிலில் தொட்டியைத் தொட்டால் கை சுட்டது. கை சுடுகிற இடத்தில் வேர் எப்படி இருக்கும்?

இப்போது நான்கு தொட்டி வைத்திருக்கிறேன். மூன்று மாடியில் நிழல்வலைக்குக் கீழே, ஒன்று வீட்டுக்குள். வீட்டுக்குள் இருப்பதற்கு ஒரு வாரம்தான் கணக்கு. பூத்த தொட்டி உள்ளே வரும், வாரம் முடிந்ததும் மாடிக்குப் போகும், அடுத்தது வரும். விருந்தாளியை உபசரிப்பது போல. நிரந்தரமாக உள்ளே வைப்பது செடிக்குச் செய்யும் தொல்லை என்பது என் கருத்து.

தேவிகுளத்திலிருந்து

குடியாத்தம் அண்ணனுக்கு ஒரு பதில். இந்தச் சின்ன ரோஜா இனம் உலகத்துக்குக் கிடைத்ததே ஜன்னலில் இருந்துதான். நூறு வருடத்துக்கு முன்பு ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமத்து வீடுகளில், ஜன்னல் ஓரத்துச் சட்டிகளில் இதை வளர்த்துவந்தார்கள். ரூலே என்கிற ராணுவ அதிகாரி அதைக் கவனித்துச் சொல்ல, கொரவோன் என்கிற தாவரவியலாளர் ‘ரோசா ரூலெட்டி’ என்று அவர் பெயரையே வைத்தார். சீன ரோஜாவின் குள்ள வகை அது. நெதர்லாந்தில் டி விங்க் என்பவர் அதைக் கலப்பு செய்து உருவாக்கிய ரோஜா 1936இல் ‘டாம் தம்ப்’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அப்புறம் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் மூர், 1907இல் பிறந்து 2009 வரை வாழ்ந்தவர், ஆயுள் முழுவதும் இந்தக் குள்ள ரோஜாக்களையே உருவாக்கினார். ஆக, ஜன்னலுக்கும் இதற்கும் பழைய உறவு. அங்கே இருந்த குளிரும் வெளிச்சமும் நம் ஹாலில் இல்லை, சிக்கல் அதுதான்.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், குளிருக்குப் பஞ்சமில்லை. பேன் தொல்லையும் அவ்வளவாக இல்லை. வெளிச்சம்தான் கிடைக்காது. ஆனியில் மழை பிடித்தால் ஆவணி வரை சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். முதல் வருடம் செடி ஜன்னல் பக்கமாகவே கழுத்தை நீட்டி, நூல் மாதிரி வெளிறிய கிளை விட்டு, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. அடுத்த வருடம் செடிக்கு ஒரு அடி மேலே வெள்ளை எல்இடி விளக்கு தொங்கவிட்டேன். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை எரியும். கரண்ட் போகிற நாள் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆடி மாதத்தில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று பூ.

தண்ணீருக்கு விரலை விட்டுப் பார்ப்பதைவிடச் சட்டியைத் தூக்கிப் பார்ப்பது எனக்குச் சரியாக வருகிறது. ஊற்றியதும் ஒரு முறை தூக்கிக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பாதிக் கனம் ஆனதும் ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் எனக்கு எட்டு நாளுக்கு ஒரு முறைதான் ஊற்ற வேண்டியிருந்தது.

செங்கோட்டையிலிருந்து

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், இது யாருக்கும் நடக்கலாம்.

சாரல் காலத்தில் சாம்பல் நோய் வந்தது. துளிரில் திருநீறு பூசின மாதிரி வெள்ளை. ஜன்னலைச் சாத்தி, துணியையும் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டிருந்தோம். கரும்புள்ளி நோய் வர இலை நனைந்திருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அது வேண்டாம், ஓட்டமில்லாத ஈரக் காற்றே போதும். கெட்ட இலைகளைக் கிள்ளி எறிந்து, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டோம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்ததும் ஓரளவு உதவியது. சரி, அது தேறிவிட்டது.

ஆவணியில் நடந்ததுதான் பெரிய வருத்தம். புனலூரில் கொடுத்திருக்கும் எங்கள் மைனி ஓணத்துக்கு ஒரு நேந்திரங்குலை கொண்டுவந்தாள். நல்ல விளைந்த குலை. ஹாலில் ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிட்டோம். செடி அதற்கு நான்கடி தள்ளி ஜன்னலில். குலை மஞ்சளாகத் தொடங்கி நாலாம் நாள் பார்த்தால் ரோஜாவின் கீழ் இலைகளும் மஞ்சள். காலையில் பெருக்கும்போது முறம் நிறைய இலை. எட்டு மொட்டு காம்போடு கழன்று கீழே கிடந்தது. பேன் இல்லை, சாம்பல் இல்லை, தண்ணீரும் சரியாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே இருந்த குரோட்டன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்பட்டுவிட்டது என்று அம்மா சுற்றிப்போட்டாள்.

தம்பி மகள் வேளாண்மை படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் வீட்டுக்குள் நுழைந்ததும் குலையைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். “அத்தை, பழுக்கிற வாழை எத்திலீன் வாயுவை விடும். பழக்கடையில காயைப் பழுக்க வைக்கவும் அந்த வாயுதான். ரோஜா அதைத் தாங்காது, இலையையும் மொட்டையும் உதிர்த்துடும்” என்றாள். அன்றே குலையை அடுக்களைப் பின்புறத்துக்கு மாற்றினோம். மூன்று வாரத்தில் செடி தளிர்த்தது. மாம்பழம், பப்பாளி பழுக்க வைக்கும் அறையிலும் ரோஜாவை வைக்காதீர்கள். இதை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து

சின்ன எச்சரிக்கை மட்டும். கடையில் “டேபிள் ரோஸ்” என்று கேட்டு வாங்காதீர்கள். அது ரோஜாவே இல்லை. சதைப்பற்றான இலை உள்ள வேறு செடி, கேரளத்தில் பத்துமணிப் பூ என்பார்கள். என் மனைவி மேசைமேல் வைக்கும் ரோஜா என்று நம்பி வாங்கி வந்தாள். அதுவும் அழகுதான், ஆனால் அதற்கு நல்ல சுள்ளென்ற வெயில் வேண்டும், வீட்டுக்குள் பூக்காது.

ஒரு கேள்வி: வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

செங்கோட்டை அக்கா எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் வீட்டுப் பழக்கூடையை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். இத்தனை நாள் மூன்று சட்டிக்கும் நடுவில்தான் இருந்தது.

கம்பம் அண்ணா, தோல் தண்ணீரை நான் இரண்டு முறை ஊற்றினேன். வீட்டுக்குள் சின்னக் கொசு ஈ மொய்த்தது, செடியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். பூக்கிற காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நீர்த்த மண்புழு உர வடிநீர் மட்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. மண்மேல் வெள்ளையாகப் படிந்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளானது. இப்போது மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கிறேன். மாதம் ஒரு முறை அதைத் தாராளமாக ஊற்றி, உப்பு அடி ஓட்டை வழியாக வடிந்துபோக விடுகிறேன். வடிந்த தண்ணீர் தட்டில் நிற்கக்கூடாது. தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லுக்குக் கீழே தண்ணீர் இருக்கும்படி, கல்லின் மேல் சட்டியை வைக்கலாம்.

குடியாத்தம் தம்பி சொன்ன முறையைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். அவருக்குச் சம்மதமில்லை. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு வைக்க ஒரு பூ ஜன்னலிலேயே இருக்க வேண்டும் அவருக்கு. பூவை மட்டும் கிள்ளமாட்டார், காம்போடு ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேல்வரை கத்தரியால் வெட்டி எடுப்பார். அவர் வெட்டிய கணுவிலிருந்துதான் அடுத்த துளிர் வருகிறது. வாடிய பூவை நான் அப்படியே விட்ட கிளைகள் சும்மா நிற்கின்றன. இனி நானும் அவர் மாதிரியே வெட்டப்போகிறேன்.

கார்த்திகை பிறக்க இன்னும் மூன்று வாரம். கிழக்குக் காற்று தொடங்குவதற்கு முன்பு சட்டிகளைக் காற்று நேராக அடிக்காத மூலைக்கு நகர்த்த வேண்டும். பொள்ளாச்சிப் பெரியவர் தட்டிக் காட்டிய மாதிரி ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருக்கிறேன். நேற்றுத் தட்டினேன், தாள் சுத்தமாக இருந்தது. நடுச்சட்டியில் ஐந்து மொட்டு.