கலைச்சொல் விவாதம்: பேனர் மெஷினில் மை குறைந்தால், நின்றால், ஏறாவிட்டால்

பேனர் கடை, சுங்கை சிப்புட்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பேனர் அச்சடிக்கும் மெஷினை ஓட்டும் பையன்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. நாலு பக்கம்தான். திரையில் வருவது ஆங்கிலம், சப்ளையரிடம் பேசுவது மலாய், கடைக்குள் பேச்சு தமிழ். மற்றதெல்லாம் ஒருவாறு எழுதியாகிவிட்டது. மை விஷயத்தில்தான் இடிக்கிறது.

மூன்று வேறு வேறு நிலைமைகளுக்கு எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்: "மை முடிஞ்சிருச்சு."

ஒன்று, எச்சரிக்கை விளக்கு மினுக்குகிறது. மைப்பெட்டியான காட்ரிட்ஜில் மை இன்னும் இருக்கிறது, அச்சும் ஓடுகிறது. அடுத்தது, காட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதென்று மெஷினே முடிவு செய்து நின்றுவிடுகிறது. கடைசியாக, காட்ரிட்ஜில் மை இருந்தும் மையைத் தெளிக்கும் ஹெட்டுக்கு வந்து சேரவில்லை. முதலாவது வந்தால் கணக்குப் போட வேண்டும். இரண்டாவது வந்தால் காட்ரிட்ஜை மாற்ற வேண்டும். மூன்றாவது வந்தால் காட்ரிட்ஜை மாற்றிப் பயனில்லை. காசு போகும், கோளாறு அங்கேயே இருக்கும். போனில் "மை முடிஞ்சிருச்சு" என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கவே பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றுக்கும் முறையே கடைமை, தீர்மை, வறண்மை என்று எழுதிப் பார்த்தோம். காட்ரிட்ஜின் அடியில் தங்கி எடுக்க முடியாமல் போகும் மைக்கு ஒட்டுமை. ரப்பர் பால் சேரும் கிண்ணமான மங்கில் பால் எடுத்த பிறகு ஒட்டிக்கொண்டிருப்பது ஒட்டுப்பால் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும், அதைப் போலத்தான் இதுவும். குழுவின் கருத்து தேவை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோல கங்சார்

அன்புள்ள கடைக்காரத் தம்பிக்கு,

சொற்கள் சிறியவை, நல்லவை. ஆனால் நான்குக்கும் ஒரே நோய். தமிழில் 'மை' என்பது எழுதும் மை மட்டுமன்று, பண்புப்பெயர் விகுதியும்கூட. மையைக் கடைசியில் வைத்தால் படிப்பவன் அதை மையாகவே எடுத்துக்கொள்ள மாட்டான். கடைமை என்று எழுதினால் கடமையில் எழுத்துப்பிழை என்பான். வறண்மை வறுமைக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. ஒட்டுமை என்றால் ஒற்றுமைக்குப் பக்கத்தில் ஏதோ என்று நினைப்பான். அடியில் கிடக்கும் மைக்கு யாராவது 'அடிமை' என்று சொல்வதற்கு முன்பே நிறுத்திவிடுவோம்.

எனவே மை முன்னால் வரட்டும். மைக்கூடு என்ற பழைய சொல் அப்படித்தான் அமைந்திருக்கிறது. மைக்குறைவு, மைத்தீர்வு, மைவறட்சி, மையொட்டு. மைக்குறை என்று வெட்ட வேண்டாம், மையில் குறைபாடு என்று பொருள்பட்டுவிடும்.

காட்ரிட்ஜுக்கும் மைக்கூடு என்றே போடலாமே?

மெஷின் பழுதுபார்ப்பவர், ஈப்போ

வணக்கம் ஐயா, வணக்கம் அண்ணே.

காட்ரிட்ஜ் காட்ரிட்ஜாகவே இருக்கட்டும் ஐயா. மைக்கூடு என்றால் திறந்த பாத்திரம்தான் மனத்தில் வரும். இதுவோ மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் காற்றில்லாத அலுமினியப் பை.

மைக்குறைவு சரி. மைத்தீர்வு கொஞ்சம் உதைக்கும். "தீர்வு என்ன?" என்ற தலைப்பு எல்லாக் கையேட்டிலும் உண்டு, பக்கத்திலேயே மைத்தீர்வு என்று வந்தால் பையன் அதைப் பரிகாரம் என்று படிப்பான். கடையில் சொல்கிற 'முடிஞ்சிருச்சு' என்பதையே பிடித்து மைமுடிவு என்று வைக்கலாம்.

மைவறட்சிதான் எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மூன்றாவதில்தான் ஹெட்டைத் தேவையில்லாமல் மாற்றுகிறார்கள்.

வறட்சி என்றால் ஊற்றிலேயே இல்லை என்று பொருள். இங்கே ஊற்றில் இருக்கிறது, வழியில்தான் சிக்கல். பெரும்பாலான மெஷின்களில் காட்ரிட்ஜ் ஹெட்டைவிடத் தாழ்வாக இருக்கும். அப்படி இருந்தால்தான் மை தானாக வழியாமல் ஹெட்டின் நுண்துளையான நாசிலின் வாயிலேயே நிற்கும். அச்சடிக்கும்போது ஹெட் இழுக்கிற இழுப்பில் மை குழாய் வழியாக மேலே ஏறி, டேம்பர் என்கிற சின்ன வடிகட்டிப் பெட்டியைத் தாண்டி ஹெட்டுக்குள் போகிறது. இடையில் எங்கே தடைபட்டாலும் ஹெட் காற்றைத்தான் இழுக்கும். பட்டறையில் இதற்கு "மை ஏறல" என்போம். அதையே பெயர்ச்சொல்லாக்கி 'மையேறாமை' என்று வையுங்கள். கடைசியில் வரும் மை இங்கே விகுதிதான், ஐயாவின் ஆட்சேபமும் வராது.

அடையாளம் இது. நாசில் சோதனை அச்சில் எப்போதும் ஒரே இடத்தில் கோடு விட்டுப்போனால் அடைப்பு. சுத்தம் செய்ததும் எல்லாக் கோடும் வந்து, ஓர் அடி இரண்டு அடி அழுத்தமான நிறம் ஓடியபின் வெளுத்து, கொத்துக் கொத்தாகக் கோடுகள் மறைந்து, மறுபடி சுத்தம் செய்தால் திரும்ப வந்தால், அது மையேறாமை. மஞ்சளில் இதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். நீல விளக்கு வெளிச்சத்தில் காட்டுங்கள், மஞ்சள் கோடு கறுப்பாகத் தெரியும்.

காரணங்களை நான் தேடும் வரிசையிலேயே எழுதுகிறேன். காட்ரிட்ஜுக்குப் பதிலாக வெளியே மைப் பாட்டில் வைத்து ஓட்டுகிறீர்களானால் முதலில் பாட்டிலின் காற்று மூடியைப் பாருங்கள். அது இறுக்கி மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மை கீழேயே நின்றுவிடும். இதற்கு ஐந்து காசு செலவில்லை, ஆனால் கடைசியாகத்தான் யாருக்கும் ஞாபகம் வரும். அடுத்தது டேம்பர் நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம். அது தேய்ந்திருந்தால் மை ஒழுகாது, காற்று மட்டும் நுழையும், அதனால் வெளியே ஒரு தடயமும் இருக்காது. பிறகு கேபிள் சங்கிலிக்குள் குழாய் நசுங்கியிருக்கிறதா, காட்ரிட்ஜ், மை எடுக்கும் ஊசியில் முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் டேம்பரின் வலை அடைத்திருக்கும்.

காற்றை எடுக்க, டேம்பரை ஹெட்டிலிருந்து மெல்லக் கழற்றி, அதன் வாயில் சின்ன மெத்துக் குழாய் மாட்டிய சிரிஞ்சால் குமிழி நிற்கும்வரை நிதானமாக இழுங்கள். 10 மி.லி. அளவில் வந்துவிடும். இழுக்க மட்டும் செய்யுங்கள், மையைத் திருப்பி உள்ளே தள்ளாதீர்கள். டேம்பருக்குள் அழுத்தம் போனால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியும். வளையத்தைப் புதிதாகப் போட்டு மாட்டி, ஒரு சாதாரண சுத்தம், ஒரு சோதனை அச்சு. மையை அதிகம் இழுக்கும் கனமான சுத்தம் முதலிலேயே வேண்டாம்.

இன்னொன்றும் கையேட்டில் கட்டாயம் வர வேண்டும். குழாயின் உள் விட்டம் 2 மி.மீ., நீளம் 4 மீட்டர் என்று வைத்தால் குழாய்க்குள் மட்டும் 12 மி.லி.க்குச் சற்று அதிகமாக மை நிற்கிறது. கீழே காற்று நுழைந்தாலும் அந்த 12 மி.லி. செலவாகும்வரை அச்சு பளிச்சென்றுதான் இருக்கும். அழுத்தமான நிறத்தில் அது ஏறக்குறைய 14, 15 சதுர அடி. பாட்டில் காலியானது ஒரு பேனரில், நிறம் வெளுப்பது அடுத்த பேனரில். அதனால்தான் ஹெட்டின் மேல் பழி விழுகிறது.

காட்ரிட்ஜின் மை அளவைக் குறித்து வைக்கும் சிப்பை மாற்றி ஓட்டுகிற இடங்களில்தான் இது அதிகம். பல மெஷின்கள் மையை அளப்பதே இல்லை. எத்தனை துளி தெறித்தது என்று எண்ணி, சிப்பில் எழுதியிருக்கும் அளவிலிருந்து கழிக்கின்றன, அவ்வளவுதான். உண்மையான காட்ரிட்ஜில் காற்று போவதற்கு முன்பே மைமுடிவு வந்து மெஷின் நின்றுவிடும். அது தொல்லை மாதிரி தெரிந்தாலும் ஹெட்டுக்குக் காவல். சிப்பைப் புதுப்பித்துவிட்டுப் பாட்டிலில் மை ஊற்ற மறந்தால் அந்தக் காவல் போய்விடும். மைமுடிவு வராமலே நேராக மையேறாமை வரும்.

பேனர் கடை, சுங்கை சிப்புட்

அண்ணே, மையேறாமை பிரமாதம். அப்படியே எடுத்துக்கொள்கிறோம். மைமுடிவும் சரி.

மைக்குறைவுக்குக் கையேட்டில் எழுதியிருப்பதை இங்கே போடுகிறோம். சொல் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

"மைக்குறைவு வந்தால் சதவீதத்தை நம்பாதே, மில்லிலிட்டரைப் பார். 440 மி.லி. காட்ரிட்ஜில் 10 சதவீதம் என்றால் 44 மி.லி. 220இல் 22தான். ஒரு நிறம் முழு அழுத்தத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மி.லி. குடிக்கும். 12க்கு 4 அடி கோவில் பேனர் 48 சதுர அடி, அதாவது 4.46 சதுர மீட்டர். பின்புலம் முழுச் சிவப்பு என்றால் மெஜந்தாவும் மஞ்சளும் தலா 40 மி.லி. 440இன் மைக்குறைவில் ஒரு பேனர் தட்டுத்தடுமாறி முடியும். 220இன் மைக்குறைவில் பாதியில் நிற்கும்."

தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா, பால்குடம், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் சிவப்பும் மஞ்சளும்தான். நீல மையான சயான் அசையாமல் கிடந்து காலாவதித் தேதியை நெருங்கும், மெஜந்தாவும் மஞ்சளும் பறக்கும். ஆகவே கையிருப்பு நான்கு நிறத்திலும் ஒவ்வொன்று என்று வைப்பது இந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் பொருந்தாது. மெஜந்தா இரண்டு, மஞ்சள் இரண்டு, மற்றவை ஒவ்வொன்று. 2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. மை சப்ளையர் கடை அடைத்திருக்கும் வாரமும் பேனர் குவியும் வாரமும் ஒட்டி ஒட்டி வந்தன. ஈப்போ பக்கத்திலேயே இருந்தாலும் கதவு மூடியிருந்தால் என்ன செய்வது?

எடையையும் சேர்த்திருக்கிறோம். தீர்ந்த காட்ரிட்ஜ் ஒன்றைச் சமையல் தராசில் நிறுத்து எடையை அதன்மேலேயே எழுதி வை. ஓடுகிற காட்ரிட்ஜின் எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்ச மை கிடைக்கும். ஒரு மி.லி. மையை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் கடைக் கணக்குக்குப் போதும். தீர்ந்ததன் எடையில் மையொட்டும் சேர்ந்தே இருப்பதால் வருவது நிஜமாகவே அச்சடிக்கக்கூடிய அளவு.

மெஷின் பழுதுபார்ப்பவர், ஈப்போ

எடை போடுவது நல்ல வழி, ஆனால் அடிக்கடி கழற்றச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவை ஊசியிலிருந்து எடுக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும். மைக்குறைவு விளக்கு வந்ததும் ஒரே முறை, அவ்வளவு போதும். அந்த நேரத்தில் கனமான சுத்தமும் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். மிச்சமிருக்கும் மையைப் பம்பே இழுத்துக் கழிவு பாட்டிலில் கொட்டிவிடும்.

மிச்ச மையை வைத்து ஓட்டுவதற்கு இன்னும் சில. அச்சு மென்பொருளில் வேலைக்கு வேலை, நிறத்துக்கு நிறம் எத்தனை மி.லி. என்று காட்டும். அதற்கு மேல் 20 மி.லி. கைவசம் இல்லையென்றால் அந்த வேலையைத் தொடங்காதே. மெஜந்தா குறைவா, பள்ளி விளையாட்டுப் போட்டியின் நீல, பச்சை பண்டிங்கை (நீளவாக்கில் தொங்கும் பேனரை) முன்னால் இழுத்துப் போடு. கறுப்பு எழுத்து நாலு நிறமும் கலந்த கறுப்பாக வந்திருந்தால் வெறும் கறுப்பாக்கு. இரங்கல் பேனரில் இது ஒன்றே நல்ல மிச்சம். இரவு பூட்டிவிட்டுப் போகும்போது மைக்குறைவில் மெஷினை ஓடவிடாதே.

மைமுடிவு அச்சின் நடுவில் வந்தால் உடனே மாற்று. புதுக் காட்ரிட்ஜை மாட்டுமுன் மெதுவாக இருபது தடவை சாய்த்து ஆட்டு, அடியில் படிந்த நிறமி கலக்கட்டும். மாற்றும் நேரத்தில் கடைசி வரி காய்ந்துவிடும், அதன்மேல் புது மை வேறு மாதிரி பரவி ஒரு கோடு விழும். எழுத்து நிறைந்த இடத்தில் அது தெரியாது. சாமி படத்துக்குப் பின்னால் ஒரே நீல வானமாக இருந்தால் இருபது அடி தள்ளி நின்றாலும் தெரியும். ஆகவே மை மட்டாக இருக்கும்போது ஐந்து பேனரை ஒரே வேலையாக அனுப்பாமல் தனித்தனியாக அனுப்பினால் நிற்பது இரண்டு பேனருக்கு இடையில் நிற்கும்.

அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கடன் வாங்கிய மையை ஊற்றும் பழக்கம் பற்றியும் ஒரு வரி வேண்டும். சால்வெண்ட் மையும் இகோ சால்வெண்டும் குழாயில் கலந்தால் கெட்டியாகி டேம்பர் அடைக்கும் ஆபத்து உண்டு. அதே வகை, அதே கம்பெனி என்றால் மட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோல கங்சார்

மையேறாமைக்கு என் முழுச் சம்மதம். பேச்சில் "மை ஏறல", எழுத்தில் மையேறாமை. பையன் அகராதி தேட வேண்டியதில்லை. மைவறட்சியை விட்டுவிடுவோம்.

கையேட்டில் ஓரிடத்தில் 'மைக்குறைவு விளக்கு', மற்றோரிடத்தில் 'குறைமை எச்சரிக்கை' என்று இருக்கிறது. இரண்டாவதைத் திருத்திவிடுங்கள். மையொட்டு என்பது காட்ரிட்ஜின் அடியில் தங்குவதற்கு மட்டும். ஹெட்டின் அடியில் காய்ந்து ஒட்டுவதையும் அதே சொல்லால் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மைப்படிவு என்று வைக்கலாமா?

பேனர் கடை, சுங்கை சிப்புட்

மைப்படிவு சரி ஐயா, திருத்திவிட்டோம். மெஷின் மூடியில் ஒட்டப்போகும் ஸ்டிக்கர் கடைசியாக இப்படி வருகிறது:

மைக்குறைவு: எடை போடு, கணக்குப் போடு, கனமான சுத்தம் செய்யாதே.
மைமுடிவு: ஆட்டு, மாற்று, சோதனை அச்சு எடு.
மையேறாமை: காட்ரிட்ஜை மாற்றாதே. காற்று மூடி, வளையம், குழாய், ஊசி, டேம்பர்.

ஹெட்டுக்கு 'அச்சுத்தலை' என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம், ஹெட் என்றே அடித்தாயிற்று.